சாளைக்கு ஒரு வக்காலத்து

காபித்தூள், தோசை மாவு, முருங்கைக்காய் ஆகிய மூன்றைப் பற்றியும் தில்லித் தமிழர்கள் எழுதாத ஆண்டு மலர் இல்லை. குளிர்காலத்தில் மாவு புளிக்க வைக்கும் உபாயங்களை மட்டும் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். ஆனால் மீனைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. சாப்பிடுகிறவர்கள் இல்லையோ என்றால், அப்படியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வரிசைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பொங்கல் விழாவில் முன்வரிசையில் உட்காரும் எத்தனையோ முகங்கள், கையில் பையோடு, ஐஸ் தண்ணீரை மிதித்துக்கொண்டு வருவதைக் காணலாம். சாப்பிடுகிறோம். ஆனால் பேசுவதில்லை.

பேசாத காரணத்துக்குப் பிறகு வருகிறேன். சைவ அன்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டால் எனக்கு வருத்தமில்லை. பொறுமையிருந்து படித்தால் மகிழ்ச்சி. ஏனென்றால் நான் எழுத வந்தது மீனைப் பற்றி மட்டும் இல்லை. ஊரைவிட்டு வந்த ஒரு குடும்பம் எந்தச் சுவையை வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது, யாருக்குப் பயந்து கைவிடுகிறது என்பதைப் பற்றியும்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் நமக்கு, ஐஸில் வைத்து வந்த சாளையைவிட டின்னில் அடைத்து வந்த சாளையே நல்ல மீன். முள்ளே இல்லாத வெள்ளைத் துண்டு மீனைவிட, முள்ளோடு இருக்கும் அந்தச் சின்ன மீனே நம் பிள்ளைகளுக்கு நல்லது. இதற்குச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். காரணங்களைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

ஏழை மீன் என்ற பட்டம்

குமரி மாவட்டத்தில் பிறந்த எனக்கு அது சாளை. வேறு ஊர்க்காரர்களுக்கு மத்தி. சென்னைப் பக்கத்தில் இந்த இனத்து மீன்களைக் கவலை என்பார்கள். பெயரில்தான் கவலை, சட்டியில் இறங்கிவிட்டால் ஒரு கவலையும் கிடையாது. எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கை அவித்து, பக்கத்தில் சாளைப் புளிமுளம் வைத்தால் அதுவே விருந்து. தேங்காயும் மாங்காயும் போட்டு அவியல் வைத்தால் இன்னொரு விருந்து. தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் பெண்கள் கூறு போட்டு விற்பார்கள். வஞ்சிரத்தை எடை போடுவார்கள், சாளையை எண்ணக்கூட மாட்டார்கள். கையால் அள்ளிப் போடுவதுதான்.

அள்ளிப் போடுகிற பொருளுக்கு மரியாதை ஏது? விருந்தாளி வந்தால் சாளை வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வந்தால் வைக்கவே மாட்டார்கள். வீட்டுக்கு மட்டும் சாளை. வெளியாருக்கு வஞ்சிரம், வாவல். முன்காலத்தில் மலபார்க் கரையில் மிதமிஞ்சிப் பிடிபட்ட சாளையைக் காயவைத்துத் தென்னைக்கு உரமாகப் போட்டார்கள். அதைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைப் படகுப் பலகைகளுக்குப் பூசினார்கள். உரமாகப் போன மீனுக்கு மேசையில் இடம் கிடைக்காதது வியப்பில்லை.

ஆனால் இதே இனத்து மீனை மேல்நாடுகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உணவைப் பாத்திரத்தில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிக்க வைத்துக் கெடாமல் காக்கும் முறையை 1810-ல் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்நாட்டு நான்த் நகரில் சாளையை எண்ணெயில் பொரித்து டின்னில் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று பிரான்சிலும் போர்ச்சுக்கல்லிலும் சாளை டின்னில் ஆண்டு குறித்து விற்கிறார்கள். திராட்சை ரசத்தைப் போல, சில ஆண்டுகள் வைத்திருந்து திறந்தால் எண்ணெய் முள்வரை ஊறிச் சுவை கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வைத்திருக்கும் நாட்களில் டின்னை அவ்வப்போது புரட்டியும் வைப்பார்களாம். நாம் ஊறுகாய் ஜாடியைக் குலுக்கி வைப்பதில்லையா, அதுபோல.

நம் அரசும் இதை யோசிக்காமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1907-ல் மீன்வளத் துறை உருவானபோது அதற்குத் தலைமை தாங்கியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். சாளை எண்ணெய் எடுப்பதையும் மீன் பதப்படுத்துவதையும் ஒழுங்கான தொழிலாக்க வேண்டும் என்று பாடுபட்டவர். பேப்பூருக்கு அருகே சாலியத்தில் மீனை டின்னில் அடைக்கும் அரசுக் கூடமே நடந்தது. ஆக டின் சாளை நேற்று வந்த வெள்ளைக்காரப் பண்டம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது நம் பழைய மாகாணத்துச் சரக்கு.

ஐஸ் மீனா, டின் மீனா?

இனி முதல் காரணம். சாளை எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன். ருசிக்குக் காரணம் அந்த எண்ணெய்தான். சீக்கிரம் கெடுவதற்குக் காரணமும் அதுதான். காற்றுப் பட்டால் எண்ணெய் காறிப்போகும். வயிறு நிறைய இரை தின்ற சாளையாக இருந்தால் குடலின் செரிமானச் சுரப்புகளே வயிற்றுச் சதையை அரித்துவிடும். வயிறு வெடித்த சாளையை ஊரில் ஆரும் வாங்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. சாளை, அயிலை, சூரை போன்ற மீன்களைக் குளிரில்லாமல் வைத்திருந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. அது அளவு மீறினால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஆகவே நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற பாட்டி வைத்தியம் இங்கே செல்லாது.

தெற்கேயோ மேற்கேயோ ஒரு துறைமுகத்தில் இறங்கிய சாளை, லாரியிலோ ரயிலிலோ ஏறி, காஜிப்பூர் மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து நம் பேட்டைக் கடைக்கு வருவதற்குள் எத்தனை முறை ஐஸ் உருகி, எத்தனை முறை புது ஐஸ் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? மே மாத தில்லியை நினைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம் அந்தப் பயணத்தை ஓரளவு தாங்கும். சாளை தாங்காது.

டின்னுக்குப் போகும் சாளையின் கதை வேறு. நல்ல தொழிற்கூடங்கள் துறைமுகத்தை ஒட்டியே இருக்கும். தலையும் குடலும் நீக்கி, உப்புநீரில் போட்டு, ஆவியில் அரைவேக்காடு ஆக்கி அல்லது பொரித்து, டின்னில் அடுக்கி, எண்ணெயோ தக்காளிச் சாறோ ஊற்றி மூடுவார்கள். பிறகு பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் 115 முதல் 121 டிகிரி வரை சூடேற்றுவார்கள். கிருமி சாகிறது, முள் மெத்தென்று ஆகிறது. அதன்பின் அந்த டின் தில்லி வெயிலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தரமான மீனைப் போட்டு அடைத்திருந்தால், நாம் டின்னைத் திறக்கும்போது கிடைப்பது துறைமுகத்தின் சாளை. ஐஸ் கடையில் கிடைப்பது பயணத்தின் சாளை.

ஊருக்குப் போனால் நான் டின்னைத் தொடுவதில்லை. காலையில் கரைக்கு வந்த சாளை மதியம் சட்டிக்கு வரும் ஊரில் டின் எதற்கு? என் வாதம் தில்லிக்கு, நாக்பூருக்கு, போபாலுக்கு. மும்பைத் தமிழர்களும் கொல்கத்தாத் தமிழர்களும் இதில் பொறாமைக்குரியவர்கள். அவர்கள் வழக்கு வேறு.

முள்ளைக் கண்டு ஓடலாமா?

இரண்டாவது காரணம் முள். இன்று தில்லியில் தமிழ்க் குடும்பங்களின் பிரிட்ஜில் அதிகம் காணக்கூடிய மீன் பாசா. வியட்நாமில் வளர்ப்பு மீனாகப் பெருகி உலகமெங்கும் போகும் நன்னீர் மீன். முள் இல்லை, தோல் இல்லை, வாசனையும் இல்லை. மீனென்று சொல்லிக் கொடுத்தால்தான் மீனென்று தெரியும். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பிள்ளைகள் விரும்புவது மேலே பூசிய ரொட்டித்தூளையும் பக்கத்திலிருக்கும் சாஸையும் என்பது என் சந்தேகம்.

சத்துக் கணக்கைப் பாருங்கள். எண்ணெய் வடித்த டின் சாளை 100 கிராமில், முள்ளோடு சேர்த்துச் சாப்பிட்டால், சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் பாலில் இருப்பது சுமார் 120. புரதம் 24 கிராமுக்கு மேல். வைட்டமின் டி-யும் பி12-ம் உண்டு. ஒமேகா-3 என்று மருந்துக் கடையில் மாத்திரையாக விற்கும் சத்தும் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது. முள்ளை எடுத்துவிட்டால் அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டோம் என்று பொருள். முள்ளெடுத்த சாளை என்று தனியாக விலை வைத்து விற்கிறார்கள். கூடுதல் காசு கொடுத்துச் சத்தைக் கழிக்கிற வியாபாரம் அது. இன்னொரு நன்மையும் உண்டு. சாளை தின்பது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை. பெரிய மீனைத் தின்று வாழும் பெரிய மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்வதுபோல் இதில் சேர்வதில்லை.

யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடவும். உப்பு குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவும். ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த சங்கத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் பழி எனக்கு வரும்.

சத்தைவிட எனக்கு முக்கியமானது பழக்கம். சித்தரஞ்சன் பூங்காவில் வசிக்கும் வங்காளிகளைப் பாருங்கள். அவர்கள் உயிரினும் மேலாக மதிக்கும் ஹில்சா மீனில் இருக்கும் முள் சாளையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சாளையும் ஹில்சாவும் ஹெர்ரிங் இனத்துச் சொந்தங்கள்தாம். அந்த வீட்டுக் குழந்தை ஐந்து வயதிலேயே நாக்காலும் விரலாலும் முள் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. முள்ளைப் பிரிக்கத் தெரியாதவனை அவர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள். நம் வீடுகளிலோ முள்ளுள்ள மீன் வேண்டாம் என்று குழந்தை சொன்னதும், அம்மாவும் அப்பாவும் கூடி உட்கார்ந்து மீனையே மாற்றிவிடுகிறார்கள். ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. மொழிக்கும் இதே கதைதான் என்று மேடையில் நாம் பேசுகிறோம். சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இதில் டின் சாளை நல்ல முதல் வகுப்பு. முள் இருக்கிறது, ஆனால் மெல்லும்போது நொறுங்கிவிடும். தொண்டையில் சிக்கும் பயமில்லை. என் பேத்தி சாளையின் நடுமுள்ளை முழுசாக உருவி எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, கடைசியில் அதையே முதலில் தின்றாள். அடுத்த விடுமுறையில் ஊரில் நெத்தலிக்கும் அயிலைக்கும் பயமில்லாமல் கை வைத்தாள்.

எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும்

சுவை அவரவர் நாக்கு. என் நாக்கின் தீர்ப்பைச் சொல்கிறேன், மேல்முறையீடு செய்யலாம்.

எண்ணெயில் ஊறிய சாளைக்கு முதலிடம். ஆலிவ் எண்ணெய் என்றால் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அப்படியே எடுத்துவிடலாம். மேலே நறுக்கிய சின்ன வெங்காயமும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் போதும். அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே கறிவேப்பிலை தாளித்துப் பாருங்கள்.

தக்காளிச் சாற்றில் போட்ட சாளைக்கு இரண்டாமிடம். இது சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் சொத்து. 1892-ல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய, சேவல் படம் போட்ட அயாம் டின்னை அங்கே தெரியாத வீடு கிடையாது. அங்கிருந்து வரும் உறவினர்கள் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவரும் பெட்டியில் எனக்காக இரண்டு டின் வரும். இலங்கைத் தமிழர்கள் ரின்மீன் குழம்பு வைப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் டின்னில் பெரும்பாலும் வருவது வேறு மீன் என்றாலும் கைப்பக்குவம் ஒன்றுதான். புளி கரைத்து, மிளகாய்த்தூள் கொதித்து, பச்சை வாசனை போனபின் கடைசியில் மீனைப் போட வேண்டும். முன்பே வெந்த மீன் அது. கரண்டி போட்டுக் கிளறினால் குழம்பில் மீன் இருக்காது, மீனில் குழம்புதான் இருக்கும்.

உப்புநீரில் வருவது புட்டுக்கு ஏற்றது. தண்ணீரை வடித்து, உதிர்த்து, இஞ்சி, பச்சை மிளகாய், நிறைய வெங்காயம், கடைசியில் ஒரு கை தேங்காய்த்துருவல். சுறாப்புட்டு கிடைக்காத தில்லியில் அதன் தம்பி என்று சொல்லலாம். நார்வேக்காரர்கள் புகையில் வாட்டி அடைக்கும் பொடி மீன் அழகாக அடுக்கியிருக்கும், ரொட்டியோடு நன்றாக இருக்கும். நம் சோற்றோடு சேராது. கடுகுச் சாந்தில் வருவதை வங்காளி நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் முகத்தைச் சுளித்தார்.

மற்றவற்றுக்கு வருவோம். டின் இறால் வேண்டவே வேண்டாம். இறால் இரண்டாம் முறை வேகப் பொறுக்காது, ரப்பர்தான். சூரை டின் நல்லது. ஆனால் வறண்ட மீன், தேங்காய்ப்பாலோ எண்ணெயோ கேட்கும். சூரையைப் பதப்படுத்துவது நமக்குப் புதிதும் இல்லை. லட்சத்தீவின் மினிக்காயில் 1969-லேயே சூரையை டின்னில் அடைக்கும் ஆலை தொடங்கியது. அதற்கும் முன்பிருந்தே அந்தத் தீவில் சூரையை அவித்து, புகைத்து, காயவைத்து மாசி செய்கிறார்கள். தூத்துக்குடிக்காரரான என் மனைவி மாசிச் சம்பலுக்கு ஈடாக உலகத்தில் எந்த டின்னையும் ஒப்புக்கொள்ள மாட்டார். நானும் எதிர்த்துப் பேசுவதில்லை.

உப்பில் ஊறவைத்த ஐரோப்பிய நெத்தலி டின் ஒன்று உண்டு. நம் நெத்தலிக் கருவாட்டுக்கு வெளிநாட்டுப் பங்காளி. இரண்டே இரண்டை நசுக்கித் தாளிப்பில் போட்டால் கீரைக்கு ஒரு தனி ருசி வரும். ஸ்பெயின் நாட்டார் கணவாயை அதன் மையிலேயே சமைத்து அடைத்த டின் கரிய நிறத்தில் இருக்கும். பார்த்தவர்கள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், மீதிப் பேருக்கு இரண்டு பங்கு கிடைக்கும். அதே நாட்டின் கலீசியாப் பகுதியிலிருந்து வினிகரும் மிளகாய்த்தூளும் சேர்த்த சிப்பி டின் வருகிறது. எங்கள் குளச்சல், கடியபட்டணம் பாறைகளில் மூழ்கி எடுக்கும் சிப்பியைத் தின்று வளர்ந்தவனுக்கு அதைத் திறந்ததும் சற்றுநேரம் பேச்சு வராது. ருசி ஒன்றா என்றால் இல்லை. சொந்தக்காரர் சாயல் இருக்கிறது.

டின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்பிய டின், விளிம்பு நசுங்கிய டின், துருப்பிடித்த டின் ஆகியவற்றை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திறந்த மீனை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, பிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஜன்னலைச் சாத்துகிற வீடுகள்

இப்போது பேசாத காரணத்துக்கு வருகிறேன். தில்லியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். பெயர், வேலை, சம்பளம் கேட்பதற்கு முன்பு கேட்கும் கேள்வி, மாமிசம் சாப்பிடுவீர்களா என்பதுதான். மதறாசிகள் எல்லாரும் இட்லி சாம்பார்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு கொடுப்பவர்கள் உண்டு. நாமும் அந்த நினைப்பைக் கலைக்காமல் குடியேறுவதுண்டு. பிறகு ஆரம்பிக்கும் நாடகம். கருவாடு வறுக்கும் நாளில் ஜன்னலைச் சாத்துவது, ஊதுவத்தி ஏற்றுவது, மீன் செதிலைச் செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றி அலுவலகம் போகும் வழியில் எறிவது. நாங்கள் குடியிருந்த ஒரு வீட்டின் உரிமையாளர், கருவாடு வறுத்த மறுநாள் மாடிக்கு வந்து, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்தார். தேடிப் பார்க்கிறோம் என்று சொன்னோம். மாதக் கடைசியில் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

வாசனை பிடிக்காத அண்டைவீட்டாருக்காகப் புகைபோக்கியைப் போடுவது மரியாதை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஜன்னலைச் சாத்தும் அம்மாவையும் செய்தித்தாளைச் சுற்றும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறது. நாம் சாப்பிடுவது ஒளித்துச் சாப்பிட வேண்டிய பண்டம் என்று அது கற்றுக்கொள்கிறது. பள்ளியில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது அதற்கு நினைவு வருவது அந்தச் செய்தித்தாள்தான். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை எனக்கு மீன் பிடிக்காது என்று சொன்னால், அது நாக்கின் தீர்ப்பா, ஜன்னலின் தீர்ப்பா? பிடிக்காமல் விடுவது உரிமை. வெட்கப்பட்டு விடுவது இழப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு பெற்றோருக்கு இருக்கிறது.

டின் சாளைக்கு இங்கேயும் ஒரு வேலை உண்டு. செதில் உரச வேண்டாம், குடல் எடுக்க வேண்டாம், கழிவு இல்லை. வாசனையும் குழம்பு வாசனையோடு முடிந்துவிடும். சிறிய வாடகை வீட்டில், புகைபோக்கி இல்லாத சமையலறையில், வேலைக்குப் போய்த் திரும்பிய பெண் இருபது நிமிடத்தில் ஒரு மீன் குழம்பு வைக்கலாம். ஜன்னல் திறந்தே இருக்கலாம்.

விலை ஏன் இப்படி?

டின்னுக்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயமான வாதம் விலைதான். கைக்கு அடக்கமான 125 கிராம் டின் ஐரோப்பாவிலிருந்து வந்தால் சில நூறு ரூபாய். கூறு போட்டு விற்ற மீனுக்கு இந்த விலையா என்று என் மனைவி கேட்பதில் தப்பில்லை. மாதம் ஓரிரு முறைக்குமேல் நானும் வாங்குவதில்லை.

என் ஆதங்கம் வேறு. கொச்சியிலிருந்து 1953-ல் உறைய வைத்த இறால் ஏற்றுமதி தொடங்கியது. அதன்பின் நம் மீன் தொழிலின் பார்வை பெருமளவு வெளிநாட்டை நோக்கியே போனது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் பெண்கள் கையால் பிரித்தெடுக்கும் நண்டுச் சதை டப்பாவில் அடைத்து அமெரிக்கா போகிறது. நாமோ தாய்லாந்திலிருந்தும் போர்ச்சுக்கல்லிலிருந்தும் வந்த சாளையைத் தில்லிக் கடையில் வாங்குகிறோம். 1957-ல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் குழம்பையே பையில் அடைத்துக் கெடாமல் காக்கும் முறையை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. வித்தை இருக்கிறது, மீன் இருக்கிறது, ஊரைவிட்டு வந்து ஏங்கும் நாக்குகளும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. குமரிப் பக்குவத்தில் புளிமுளம், தூத்துக்குடிப் பக்குவத்தில் குழம்பு என்று நியாய விலையில் டின் வந்தால் வாங்க மாட்டோமா?

மீன் இருக்கிறது என்றேன். அதையும் சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கேரளக் கரையில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021-ல் 3,297 டன்னாகச் சுருங்கியது. பிறகு மீண்டும் கூடியது. கடல் சூடும் மழையும் மாறினால் இந்த மீன் மாறிவிடும். அளவுமீறிக் குஞ்சுகளை வாரினாலும் மாறிவிடும். கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று விதித்தது இதனால்தான். சாளை மலிவு என்பதற்காக அதை உரத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் அரைக்கிற பழக்கத்துக்கு நான் எதிரி. மனிதன் தின்னும் மீனென்று மதித்தால்தான் காப்பாற்றவும் தோன்றும்.

இதே சாளையைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. நெய்ச்சாளை 1980-களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் மேற்குக் கரையின் மீன். அதன்பிறகுதான் அது தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் பெருவாரியாகப் பிடிபடத் தொடங்கியது. பிழைப்புக்கு நல்ல இடம் கண்டு குடிபெயர்ந்த மீன். போன இடத்திலும் சாளை சாளையாகவே இருக்கிறது.

ஒரு மேசை வேண்டும்

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் நாம் இடும் சைவ விருந்து அப்படியே இருக்கட்டும். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவதற்கு அதுவே சரி. ஆனால் தமிழர் உணவுத் திருவிழா என்று பெயர் வைத்து, வடநாட்டு நண்பர்களையும் அழைத்து, பத்து வகை இட்லியும் பதினைந்து வகைச் சாதமும் மட்டும் வைத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு கடற்கரையை நாம் மறைத்துவிட்டோம் என்றாகிறது. குளச்சலும் நாகப்பட்டினமும் ராமேசுவரமும் தமிழ்நாட்டில்தானே இருக்கின்றன? அரங்குக்கு வெளியே, காற்றோட்டமான மூலையில், தனிப் பாத்திரம், தனிக் கரண்டியோடு ஒரே ஒரு மேசை கொடுங்கள். சாளைப் புளிமுளமும் அவித்த மரச்சீனியும் என் வீட்டுச் செலவு. கிழங்கு கிடைக்கும் கடை எனக்குத் தெரியும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். டின் இறால் நன்றாக இருக்கும் என்று வாதிடுகிறவர்கள் மட்டும் ஒரு டின்னைக் கையோடு கொண்டுவந்து, என் முன்னால் சாப்பிட்டுக் காட்டிவிட்டு எழுதவும்.